கேமராவா, பயிற்சியா? 48 வயதில் தொடங்கிய ஜூலியா மார்கரெட் கேமரூன்

புது கேமராவுக்கு இஎம்ஐ போடலாமா, இல்லை அந்தக் காசில் போட்டோகிராபி கோர்ஸ் சேரலாமா? படம் எடுக்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பஞ்சாயத்து வந்துவிடும். 160 வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தால், இரண்டு தரப்புக்குமே கொஞ்சம் பாயின்ட் கிடைக்கும்.

ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815ல் கொல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரூன் சட்ட நிபுணர். (கேமரூன் என்பது கணவர் வீட்டுப் பெயர், கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) பிறகு இங்கிலாந்து போய், வைட் தீவில் உள்ள ஃப்ரெஷ்வாட்டரில் குடியேறினார்கள். பிள்ளைகள் வளர்ந்து, கணவரும் ஊரில் இல்லாத நேரம். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு மரப்பெட்டி கேமராவைப் பரிசாகத் தந்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

கோழிக்கூண்டு ஸ்டுடியோ ஆனது. கரி போட்டுவைக்கும் அறை டார்க் ரூம் ஆனது. அந்தக் காலத்தில் பட்டனைத் தட்டினால் படம் வராது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். எதிரே இருப்பவர் நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அதையே தன் முதல் வெற்றியாக அவர் குறித்துவைத்தார்.

முழுக்கத் தானாகவே கற்றுக்கொண்டார் என்றும் சொல்லிவிட முடியாது. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் பல வருஷ நண்பர். புகைப்படக் கலை பிறந்த புதிதிலேயே அதைப் பற்றி இவருக்குச் சொன்னவர். ஓவியர் டேவிட் வில்கி வின்ஃபீல்டிடமும் பாடம் கேட்டிருக்கிறார்.

ஆனால் அன்றைய நிபுணர்களுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. படம் மங்கல், தகட்டில் கறை, விரல் ரேகை, கீறல் என்று போட்டோ இதழ்கள் வறுத்தெடுத்தன. கறையும் கீறலும் பயிற்சிக் குறைதான், அதில் சந்தேகமில்லை. நெகட்டிவ்களில் வெடிப்பு விழுந்தபோது போட்டோகிராபிக் சொசைட்டிக்காரர்களிடமே போய் யோசனை கேட்டார். மங்கல் விஷயம் வேறு. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே ஃபோகஸை நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் ஷார்ப் தேவையில்லை என்பது அவர் முடிவு.

இது வெறும் சாக்கா? அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1866 வாக்கில் பெரிய கேமராவும் டால்மேயர் லென்ஸும் வாங்கினார். முதல் கேமராவின் தகடு 11x9 அங்குலம், இதன் தகடு 15x12. நினைத்திருந்தால் இப்போது எல்லாவற்றையும் துல்லியமாக எடுத்திருக்கலாம். அவரோ அந்த அளவை முகங்களுக்குப் பயன்படுத்தினார். கிட்டத்தட்ட நிஜத் தலை அளவுக்கு, தகடு நிறைய ஒரே முகம். 1867ல் எடுத்த ஹெர்ஷலின் வெள்ளை முடி இருட்டிலிருந்து எழுந்து வருவது போல இருக்கும். அதே வருஷம் தங்கை மகள் ஜூலியா ஜாக்சனை எடுத்தார். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அம்மா இவர்தான். மறு வருஷம் சார்லஸ் டார்வின். மங்கல் அப்படியே இருந்தது. புது கேமரா கூட்டிக்கொடுத்தது அளவைத்தான். இதுவும் சின்ன உதவி இல்லை, அந்தத் தகடு இல்லாமல் அந்த முகங்கள் இல்லை.

1875ல் கேமரூன் குடும்பம் இலங்கைக்குக் கிளம்பியது. அங்கே கணவருக்குக் காபித் தோட்டங்கள் இருந்தன. கேமராவும் 10 வருஷ அனுபவமும் இருந்தும், அங்கே எடுத்ததாக இன்று மிஞ்சியவை 30 படங்கள்கூட இல்லை. அவற்றில் தோட்டத் தொழிலாளர்களின் முகங்களும் உண்டு. டார்வினுக்கும் ஹெர்ஷலுக்கும் எந்த நிதானம் காட்டினாரோ, அதே நிதானம் இவற்றிலும் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான படங்களில் இருப்பவர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவ தேவாலய வளாகத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே, அவருடைய கல்லறை இருக்கிறது.