இன்னொரு இராமச்சந்திரன்

இராமச்சந்திரன் எண்டால் எங்கட ஆக்களுக்கு எம்.ஜி.ஆர். தான். நான் சொல்ல வந்தது விஞ்ஞானி ஜி. என். இராமச்சந்திரனைப் பற்றி.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952இல், முப்பது வயசு நிரம்ப முதலே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பை அங்கே கண்டறிந்தார். 1971இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணத்தில் எடுத்த எக்ஸ்கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவத்தை விரைவாகக் கணிக்கும் முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கானுக்கு அந்தக் கணக்கு கைகொடுத்தது. 2001இல் சென்னையில் காலமானார்.

பாரிசவாதம் வந்தால் மூளையில் அடைப்போ இரத்தக்கசிவோ என்று ஸ்கான்தான் பிரித்துச் சொல்லும். கட்டி கரைக்கும் மருந்தைக் கசிவுக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அடைப்பென்றாலும் வழக்கமாக 4½ மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேணும்.

பார்சிப்பனி உறவுகளே, முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், பில் வரும் எண்டு யோசியாமல் உடனே 911ஐ அழையுங்கோ.