11 மாணவர்களுடன் தொடங்கிய பிளேஸ்

இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்த பிறகுதான் நான் றக்பி பார்த்தேன். எங்கள் ஊரில் கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். இதை இங்குள்ள பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று தேடியபோது லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பெயர் கிடைத்தது.

1861இல் கண்டியில் பிறந்த பறங்கியர் அவர். திரித்துவக் கல்லூரியில் படித்தார். லாகூரில் ஆசிரியராக இருந்தார். ஊர் திரும்பி, 1891 மே 4ஆம் திகதி பவிலியன் வீதியில் 11 மாணவர்களுடன் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுவே பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரியானது. அதே ஆண்டில் பிள்ளைகளுக்கு றக்பியும் பழக்கினார்.

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தில் தாக்குவதற்கு ஓர் அணி, தடுப்பதற்கு வேறோர் அணி. இரண்டையும் ஒருவரே செய்தால் அது செய்தியாகிறது. றக்பியில் 15 பேரும் இரண்டையும் செய்தே ஆகவேண்டும். எதிராளியை மடக்கி வீழ்த்தியவன் மறுகணம் எழுந்து பந்தோடு ஓடவேண்டும்.

1906இல் இலங்கைப் பாடசாலைகளுக்கு இடையிலான முதலாவது றக்பிப் போட்டி நடந்தது. கிங்ஸ்வூட்டை எதிர்த்து ஆடியது பிளேஸ் படித்த திரித்துவக் கல்லூரி. ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

தான் தொடங்கிய பாடசாலையை மெதடிஸ்த மிஷனிடம் ஒப்படைத்த பின்னரும் 1923 வரை அவரே அதிபர். மாணவர்களுக்காக இலங்கை வரலாறும் எழுதினார். 1951இல் காலமானார்.

போருக்குப் பின் மிஞ்சியதைக் காப்பதிலேயே எங்கள் ஆண்டுகள் கழிகின்றன. காப்பவர்களேதான் கட்டவும் வேண்டும். அதற்கென்று இன்னோர் அணி வெளியே காத்திருக்கவில்லை. அதனால்தான் 11 பிள்ளைகளோடு தொடங்கியவரின் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.