சர் சி. வி. இராமன் தேர்ந்த வழி

பட்டப்படிப்பு முடியும் தறுவாயில் மாணவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் கேள்வி ஒன்றுண்டு. உத்தியோகமா, உள்ளம் நாடும் துறையா? கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த எனக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. எங்கள் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கினர், தந்தையர் பின்தொடர்ந்தனர். அவர்களுக்கு வழி ஒன்றே. 2001 பிப்ரவரி 28-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. இன்று எங்கள் இளைஞர் பலர் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறது வீடு. இயற்பியல் ஆராய்ச்சியை நாடுகிறது நெஞ்சு. இந்த மனப் போராட்டத்தினிடையேதான் இராமனின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கினேன்.

1888 நவம்பர் 7-இல் திருவானைக்காவலில் பிறந்தவர் இராமன். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. தேர்விலும், 1907-இல் எம்.ஏ. தேர்விலும் இராமன் சிறப்புடன் தேறினார். மாணவராயிருந்த காலத்திலேயே, 1906-இல், ஒளியைப் பற்றிய அவரது கட்டுரை இங்கிலாந்தின் விஞ்ஞான இதழொன்றில் வெளியாயிற்று. அத்தகையவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதே இயல்பு. ஆனால் அவர் உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காதென்று அரசாங்க மருத்துவர் கூறிவிட்டார். இந்தியாவிலோ ஆராய்ச்சியை நம்பி வாழ வழியில்லை. ஆகவே நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். 1907-இல் கல்கத்தாவில் அசிஸ்டெண்ட் அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் பதவியேற்றபோது அவருக்கு வயது 18. அவ்வாண்டுதான் லோகசுந்தரி அம்மையாரை மணந்திருந்தார்.

பிறரானால் அத்துடன் நிறைவடைந்திருப்பர். இராமனோ, டிராமில் செல்லுகையில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. கருவிகள் இருந்தன, ஆராய்வோர் இல்லை. இராமன் உள்ளே சென்று கேட்டார், இடம் கிடைத்தது. அதன்பின் விடியலில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம். இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. 1911-இல் கல்கத்தாவுக்கே திரும்பினார்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்பது அப்பதவிக்குரிய விதி. இராமன் இணங்கவில்லை, விதியே தளர்த்தப்பட்டது. சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று தெரிந்தும் 1917-இல் அரசாங்கப் பதவியை உதறினார். 1928 பிப்ரவரி 28-இல், கே. எஸ். கிருஷ்ணன் துணையோடு, ஒளி சிதறும்போது அதன் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறுவதைக் கண்டார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. பின்னர் பெங்களூரில் குடியேறி, 1948-இல் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் அமைத்து, 1970 நவம்பர் 21-இல் மறைந்தார்.

இராமன் வேலையை உதறினார் என்று மேடைகளில் முழங்குகிறோம். அதற்கு முன் பத்தாண்டுகள் அவ்வேலையைச் செம்மையாகச் செய்தார் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரே நாளில் முடிவு செய்தாக வேண்டும் என்ற அச்சமே நம்மை வாட்டுகிறது. அவரோ சோற்றுக்கு ஒரு வழியும் அறிவுக்கு ஒரு வழியும் வகுத்து, இரண்டிலும் நடந்து, காலம் கனிந்தபோது ஒன்றை விட்டார்.

அவருக்கு உயர் பதவியும் நிறைந்த ஊதியமும் இருந்தன. ரயிலிலேயே நாளின் பெரும்பொழுதைக் கழிக்கும் என் ஊர் இளைஞனுக்கு அவை இல்லை. இதை நான் மறுக்கவில்லை. எனினும் இராமனும் ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்ததால்தான் வளர்ந்தார். தங்கம் தோண்டிய எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலேயே, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், 1965-இல் நியூட்ரினோவின் தடயத்தை விஞ்ஞானிகள் கண்டனர். எங்கள் மண்ணுக்கும் இயற்பியலுக்கும் உறவு உண்டு.

பிப்ரவரி 28-ஐ நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. எங்கள் ஊருக்கோ அது சுரங்கம் மூடிய நாள். நான் வங்கித் தேர்வை எழுதப்போகிறேன், இயற்பியலையும் விடப்போவதில்லை. மாணவத் தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கலாம். கண்டால் தயங்காமல் உள்ளே சென்று கேளுங்கள்.