கற்பிட்டி தந்த நீதிபதி

நம் நுரைச்சோலைக்கு வடக்கேயுள்ள கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு தோன்றியவர் சைமன் காசிச்செட்டி. இளமையிலேயே அரசாங்க சேவையிற் புகுந்தார். 1838இற் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்தார். பின்னர்ச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். சுதேசிகளுக்கு அப்பதவி அரிதாயிருந்த காலம் அது.

அப்பதவியின் பாரமும் சிறிதன்று. 1833ஆம் ஆண்டு நீதிச் சாசனப்படி, உயர்நீதிமன்றத்துக் குற்ற வழக்குகளில் யூரிமார் கூறியதே தீர்ப்பாயிருந்தது. மாவட்ட நீதிமன்றத்துக் காணி, கடன் வழக்குகளிலோ, நீதிபதியின் அருகே மூன்று அசெசர்மார் அமர்ந்தனர். மூவரும் ஒருமுகமாய் மறுத்தாலும் நீதிபதியின் கருத்தே நிலைபெற்றது. தோற்றவனுக்கு மேன்முறையீடே வழியாயிருந்தது. ஊரார் மூவரைத் தாண்டித் தீர்ப்பளிக்க எத்துணைத் தெளிவு வேண்டும்!

இத்தகைய பணிகளுக்கிடையே தமிழ்ப் புலவர் சரித்திரங்களைத் திரட்டி, ‘தமிழ் புளூட்டாக்’ என ஆங்கிலத்தில் 1859இல் வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார்.