ஜானகி அம்மாள்: கல்யாணத்தை விட்டு கப்பல் ஏறியவர்... தேசிய விருதுக்கே பெயரானவர்!

காலை ஆறு மணிக்கு ஓசூர் பக்கம் மெயின் ரோட்டில் நின்று பாருங்கள். கழுத்தில் ஐ.டி கார்டு, தோளில் டிபன் பை, காதில் இயர்போன் என்று கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இன்னொரு கூட்டம் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குப் பறந்துகொண்டிருக்கும். அதில் பயோடெக்னாலஜி படித்துவிட்டு லேப் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, பிஹெச்.டி-க்கு இடம் தேடி அலைகிறவர்களும் உண்டு.

அந்தப் பெண்களில் பலரை வீட்டிலும் விசேஷத்திலும் துரத்துகிற கேள்வி ஒன்றுதான். இன்னும் எத்தனை வருஷம் படிப்ப, கல்யாணம் எப்போ?

இதே கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் வாசலிலும் வந்து நின்றது. அவர் பெயர் எடவலத் கக்காட் ஜானகி அம்மாள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, உயிரியலிலும் பயோடெக்னாலஜியிலும் சாதிக்கும் பெண் விஞ்ஞானிகளுக்காக 1999-ல் ஒரு தேசிய விருதை உருவாக்கியது. மூத்த விஞ்ஞானிகளுக்கு ஒன்று, இளம் விஞ்ஞானிகளுக்கு ஒன்று என இரண்டு பிரிவுகள். அந்த விருதுக்குச் சூட்டப்பட்ட பெயர், ஜானகி அம்மாள்!

யார் இவர்? ஏன் இவர் பெயர்?

19 பிள்ளைகள் இருந்த வீடு

1897 நவம்பர் 4-ம் தேதி, தலச்சேரியில் பிறந்தார் ஜானகி. இன்றைக்கு அது கேரளா. அன்றைக்கு மதராஸ் மாகாணம். அப்பா கிருஷ்ணன், சப் ஜட்ஜ். அவருடைய இரண்டு திருமணங்களிலும் சேர்த்து மொத்தம் 19 பிள்ளைகள். வீட்டில் தோட்டமும் உண்டு, நூலகமும் உண்டு. செடி கொடிகள் மீது ஜானகிக்கு ஆர்வம் வந்தது அங்கேதான்.

வசதியான குடும்பம்தான். ஆனாலும், அன்றைய சமூகம் தாழ்வாகப் பார்த்த தீயா சாதி. அதோடு, பெண். இந்த இரண்டும் அவர் எவ்வளவு உயரம் போனபோதும் கூடவே வந்தன.

சென்னை வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஹானர்ஸ், 1921-ல் பட்டம். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இதுவே பெரிய விஷயம். இனி என்ன, கல்யாணம்தானே? உறவிலேயே மாப்பிள்ளை பார்த்துப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் ஸ்காலர்ஷிப் வந்தது. ஆசியப் பெண்கள் அங்கே வந்து படிப்பதற்கான உதவித்தொகை அது. ஒரு பக்கம் கல்யாணம், இன்னொரு பக்கம் கப்பல். ஜானகி கப்பலைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரைக்கும் அவர் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

1931-ல் மிச்சிகனில் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அங்கே அவர் உருவாக்கிய ஒரு கலப்பினக் கத்தரிக்காய்க்கு ஜானகி பிரிஞ்சால் என்றே பெயர் வந்தது.

கோவையும் கரும்பும்

திருவனந்தபுரத்தில் கொஞ்ச காலம் பேராசிரியர். பிறகு 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் விஞ்ஞானி.

இங்கே ஒரு ஸ்டாப்! வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு ஃபார்வர்டு சுற்றும். இந்தியக் கரும்புக்கு இனிப்பைக் கொடுத்ததே ஜானகி அம்மாள்தான் என்று. அது பாதி உண்மைகூட இல்லை. பார்பர், டி.எஸ்.வெங்கட்ராமன் ஆகியோரின் உழைப்பில் கோவையின் முதல் வெற்றிகரமான கலப்பினக் கரும்பு, ஜானகி அங்கே போவதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது.

அப்படியென்றால் ஜானகி என்ன செய்தார்? சிம்பிளாகச் சொல்கிறேன். தடித்த, இனிப்பான கரும்பு நோயைத் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல், கரும்புக்குக் காட்டுச் சொந்தம். இனிப்பு குறைவு, ஆனால் உரம் அதிகம். இரண்டையும் கலந்தால் நல்ல ரகம் வரும். ஆனால், எதை எதோடு கலந்தால் எடுபடும்? அதற்குச் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண வேண்டும். மனிதர்களுக்கு 46 என்று ஒரே கணக்கு. நாணலுக்கோ 40-ல் ஆரம்பித்து 128 வரை போகும், இடத்துக்கு இடம் மாறும். தலை சுற்றுகிறதா? அந்தக் கணக்கைத்தான் ஜானகி பொறுமையாக அவிழ்த்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும், சோளத்தோடும், வேறு புல் இனங்களோடும் கலந்து பார்த்தார். கரும்பு ரகங்களை அடுத்தடுத்து மேம்படுத்த இந்த அறிவு அடித்தளமானது.

1935-ல், சர் சி.வி.ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமிக்கு ஜானகி தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே இப்படி மரியாதை. கோவை ஆய்வுக்கூடத்துக்குள்ளோ நிலைமை வேறு. தனியாக வாழும் பெண், அதுவும் பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண். கூட வேலை பார்த்த ஆண்கள் அவரைச் சமமாக நடத்தவில்லை. அந்த ஒதுக்கலோடு ஐந்து வருஷம் ஓட்டினார்.

குண்டு மழையில் ஒரு மைக்ராஸ்கோப்

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். போன இடத்தில் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. அவர் ஊர் திரும்பவில்லை. லண்டனில் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்துவிட்டார்.

இரவில் விமானங்கள் குண்டு போடும். கட்டிலுக்கடியில் பதுங்குவாராம். காலையில் எழுந்து, ஆய்வகத்தில் உடைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடருவாராம். பின்னாளில் சொந்தக்காரர்களிடம் அவரே பகிர்ந்த நினைவு இது. அந்த உழைப்பின் பலன் 1945-ல் வந்தது. சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். உலகம் முழுக்கத் தாவர ஆய்வாளர்கள் கையில் வைத்துப் புரட்டிய புத்தகம்.

அடுத்து, விஸ்லியில் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியின் தோட்டம். அங்கே கோல்கிசின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் வேலை. நம்ம மாநிலப் பூ செங்காந்தள் இருக்கிறதே, அதன் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே கோல்கிசின்தான்! அவர் அப்படி ஆராய்ந்த மக்னோலியா மரங்கள் அந்தத் தோட்டத்தில் வளர்ந்து பூத்தன. ஒரு மக்னோலியா ரகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஊர் கூப்பிட்டது

1951-ல் பிரதமர் நேருவிடமிருந்து அழைப்பு. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்துத் தர வேண்டும் என்று. லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்தார். சீரமைப்புத் திட்டம் அவருடையது. ஆனால், 1954-ல் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. மனசு கசந்தாலும் வேலையை விடவில்லை. அலகாபாத், ஜம்மு என்று அடுத்தடுத்து ஆய்வகங்களில் உழைத்தார்.

ஒருமுறை, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார். அந்தப் பகுதியில் இருந்த ஒரே மரம் அது. போய்ப் பார்த்தால், எரிக்கப்பட்டுக் கிடந்தது. காடு இவ்வளவு வேகமாக அழிகிறதே என்ற பதற்றம் அவருக்குள் தங்கிவிட்டது. 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றுகிறான் என்று விவாதிக்க உலக அறிஞர்கள் கூடினார்கள். அதில் அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி. பழங்குடி மக்களின் தாவர அறிவைப் பற்றி அங்கே பேசினார்.

1970-ல் சென்னை. ரிட்டயர் ஆகிற வயது எப்போதோ தாண்டிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மையத்தில் ஆராய்ச்சி, மதுரவாயல் கள ஆய்வகத்தில் வாழ்க்கை. 1977-ல் பத்மஸ்ரீ.

எண்பது வயது தாண்டியும் ஒரு சண்டை பாக்கி இருந்தது. பாலக்காடு மாவட்டத்தின் சைலன்ட் வேலி காட்டில், குந்திப்புழாவின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம். அதை எதிர்த்தவர்களோடு ஜானகியும் நின்றார். அந்தக் காட்டின் தாவரங்களுடைய குரோமோசோம்களைப் பதிவு செய்யும் வேலையிலும் இறங்கினார். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில், மதுரவாயலில், தன் ஆய்வகத்தில் இருந்தபடியே காலமாகியிருந்தார். வயது 86.

ரோஜா ஊருக்கு ஒரு ரோஜா சேதி

ஓசூர் என்றால் கம்பெனிகளுக்கு அடுத்தபடியாக ரோஜாதானே? வேலன்டைன்ஸ் டே வந்தால் இங்கிருந்து வெளிநாட்டுக்கே விமானம் ஏறும். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சேதி. கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வளர்ப்புத் தம்பதி கிரிஜா, விரு வீரராகவன் இருவரும் தாங்கள் உருவாக்கிய ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு ஜானகி அம்மாளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பூவுக்குப் பெயர், விருதுக்குப் பெயர் எல்லாம் வந்தது. ஆனால், இத்தனை வருஷம் நம்ம பாடப் புத்தகங்களில் எத்தனை பேர் அவரைப் படித்தோம்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பெண்களுக்குத் தனி விருது எதற்கு, திறமை இருந்தால் பொதுவில் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜானகிக்குத் திறமை இருந்தது. அதோடு சேர்த்து, ஒரு ஸ்காலர்ஷிப்பும் சரியான நேரத்தில் வந்தது. அதுவும் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஸ்காலர்ஷிப். அது வராமல் போயிருந்தால், 1924-ம் வருஷக் கல்யாணம் நடந்திருக்கும். குரோமோசோம் அட்லஸின் அட்டையில் ஒரு பெயர்தான் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டிலோ, ஹாஸ்டல் ரூமிலோ பயோடெக் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாளா? அடுத்த முறை கல்யாணம் எப்போ என்று கேட்கும் முன், எந்த ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருக்க என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்!