ஆயுளை நீட்டிய கணக்கு: ஹோமி பாபா

மியூவான் என்றொரு நுண்துகள் உண்டு. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. அதாவது, ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் இரண்டு கூறுக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் அது 660 மீட்டர்தான் கடக்கலாம். ஆனால், பத்து கிலோமீட்டருக்கும் மேலே வானில் பிறக்கும் மியூவான்கள் நம் தலைமீது ஓயாமல் வந்து விழுகின்றன. எப்படி? மிக வேகமாக ஓடும் துகளின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக நடக்கும். ஆகவே அதன் ஆயுள் நீளும். சிதையும் துகள்களுக்கு ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையை இவ்வாறு பொருத்தி, 1938-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அப்போது அவருக்கு வயது 28. மூன்றாண்டுகளில் சோதனைகள் அதை மெய்ப்பித்தன.

பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். டாட்டா குடும்பத்துக்கு உறவினர். மகன் பொறியியல் படித்து டாட்டா இரும்பு ஆலையில் சேர வேண்டும் என்பது வீட்டாரின் கனவு. 1927-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றவரின் மனமோ இயற்பியலில் பதிந்துவிட்டது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் என்றார் தந்தை. பாபா சண்டை போடவில்லை; 1930-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறிக் காட்டினார். பிறகு தம் வழியில் நடந்தார்.

எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்டார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் 1989 முதல் 2000 வரை இயங்கிய எலக்ட்ரான் – பாசிட்ரான் மோதுவியில், எத்தனை மோதல்கள் நடந்தன என்பதை அளக்க அந்தக் கணக்கே அளவுகோலாக இருந்தது.

1939-ஆம் ஆண்டு விடுமுறைக்கு ஊர் திரும்பினார். உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக வழியில்லை. பெங்களூரில் சர் சி. வி. இராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். போர் முடிந்தால் ஐரோப்பாவுக்கே போயிருக்கலாம். அவரோ, நல்ல ஆய்வகத்தைத் தேடிப் போவதைவிட அதை இங்கேயே கட்டுவது கடமை என்று நினைத்தார். 1944-ஆம் ஆண்டு டாட்டா அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டார். மறு ஆண்டே டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் உருவானது. அவர் தொடங்கிவைத்த அணுசக்தித் திட்டம் குறித்து விவாதங்கள் உண்டு. ஆனால் அடிப்படை அறிவியலுக்கு அவர் போட்ட அடித்தளத்தை மறுப்பாரில்லை.

அந்த நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கியது. மேலே உள்ள பாறை மற்றத் துகள்களை வடிகட்டிவிடும் என்பதே காரணம். 1965-ஆம் ஆண்டு, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோக்களின் தடம் அங்கே பதிவானது. கோலாரில் உழைத்தவர்களில் வட ஆற்காட்டுத் தமிழர்கள் ஏராளம். அதே மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்கள்தான் கெடா தோட்டங்களில் பால் வெட்டிய நம் பாட்டன்மார் பலரும்.

சில மாதங்களே கழிந்தன. 1966-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், ஜெனீவாவில் இறங்கவிருந்த ஏர் இந்தியா விமானம் மான் பிளாங்க் மலையில் மோதியது. பயணம் செய்த 117 பேரும் மாண்டனர். 56 வயதான பாபாவும் அவர்களில் ஒருவர்.

தேடல் நிற்கவில்லை. கோலார் கருவிகளில் சில தடங்கள் பாறையில் அல்லாமல் வெற்றுக் காற்றில் தொடங்கியதாகத் தெரிந்தது. சற்று நேரம் வாழ்ந்து பிறகு சிதையும் புதிய கனத்த துகளாக இருக்குமோ என்று 1975-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கேட்டனர். பிற சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் கேள்வி சாகவில்லை. அதே ஜெனீவா வளையத்தில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய மோதுவியில், மோதல் நடந்த இடத்திலிருந்து விலகி, திடீரென்று தொடங்கும் தடங்களைத் தேடுகிறார்கள். நீண்ட ஆயுள் கொண்ட புதிய துகள் இதுவரை அகப்படவில்லை.

அந்தத் தடங்களைப் பிடிக்கும் உணர்விகளில் பெரும்பகுதி சிலிக்கான். நமக்கு அந்நியமான பொருளன்று. 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவில், லூனாஸிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்தேறும் நம் அக்காமார்களும் அண்ணன்மார்களும் ஷிப்ட் முறையில் கையாளும் அதே சிலிக்கான்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த நாமும் பொறியியல் முடித்தால் அங்கே ஒரு வேலை கிடைக்கும்; வீடும் நிம்மதி அடையும். அது தாழ்ந்ததல்ல. ஆனால் சில்லைச் செய்வதோடு நம் பங்கு முடிந்துவிட்டதா? அது எதைத் தேட உதவும் என்று கேட்கும் இடத்தில் நாம் இருக்க வேண்டாமா?

பாபா வீட்டார் கேட்ட படிப்பையும் முடித்தார். தம் கேள்வியையும் கைவிடவில்லை. டாட்டா உறவு நமக்கில்லை. கேள்வி கேட்க அது தேவையுமில்லை.