பிரீட்ரிக் வில்லெம் பெசல்

பிரீட்ரிக் வில்லெம் பெசல் (ஜூலை 22, 1784 – மார்ச் 17, 1846) ஜெர்மனியைச் சேர்ந்த வானியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். பொறியியல் மாணவர்கள் இவரைப் பெசல் சார்புகள் வழியே அறிவர். தொலைதூர வானூர்தி நிலையங்கள் இரண்டுக்கு இடைப்பட்ட தூரத்தைத் துல்லியமாகக் கணிக்கும் முறைக்கும் இவரே அடித்தளமிட்டார். இது அவ்வளவாக அறியப்படவில்லை.

வாழ்க்கை வரலாறு

மின்டன் நகரில் பிறந்த பெசல், 14ஆம் வயதில் பள்ளிப்படிப்பை விட்டு, பிரேமன் துறைமுக நகரில் வணிக நிறுவனமொன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். வணிகக் கப்பலில் சரக்குப் பொறுப்பாளராகச் செல்ல விரும்பினார். நடுக்கடலில் கப்பலின் இருப்பிடத்தை அறிய வானியல் தேவைப்பட்டது. வானியலுக்குக் கணிதம் தேவைப்பட்டது. இரண்டையும் தாமே பயின்றார். 1607ஆம் ஆண்டின் பதிவுகளிலிருந்து ஏலியின் வால்வெள்ளியின் பாதையை 1804இல் கணித்து, வானியலாளர் ஒல்பர்சின் கவனத்தைப் பெற்றார். 1806இல் வணிகத்தை விட்டு லிலியந்தால் வானாய்வகத்தில் உதவியாளரானார்.

1810இல் கோனிக்சுபெர்க்கில் (இன்றைய உருசியாவின் கலினின்கிராத்) அமையவிருந்த வானாய்வகத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்டார். பல்கலைக்கழகத்தில் பயிலாத இவருக்கு, காவுசின் பரிந்துரையின் பேரில் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கியது. இறக்கும் வரை கோனிக்சுபெர்க்கிலேயே பணியாற்றினார். 1838இல் சிக்னசு 61 என்னும் விண்மீனின் தொலைவை இடமாறு தோற்றப்பிழை மூலம் அளந்து வெளியிட்டதே இவருடைய பெரும்புகழுக்குக் காரணம்.

புவிப்பரப்பில் தூரம்

புவி முழுமையான கோளமாயின் இரு இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பள்ளிக் கோணவியலே தந்துவிடும். ஆனால் புவி துருவங்களில் சற்றே தட்டையானது. ஆரம் 6371 கி.மீ. கொண்ட கோளமாகக் கொண்டால் சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க் கென்னடி வானூர்தி நிலையங்களுக்கு இடையே சுமார் 15,340 கி.மீ. கிடைக்கும், தட்டைத்தன்மையைச் சேர்த்தால் சுமார் 15,349 கி.மீ. ஆகும். வானூர்திக்கு 9 கி.மீ. பெரிதன்று; நில அளவைக்கு அது ஏற்கவியலாத பிழை.

நீள்வட்டத்திண்மத்தின் மீதான மிகக் குறுகிய பாதைக்கு எளிய சூத்திரம் இல்லை. பெசல் 1825இல் வெளியிட்ட கட்டுரையில் அப்பாதையை ஒரு துணைக்கோளத்தின் பெருவட்டமாக மாற்றினார். கோளத்தில் கணக்கிட்டபின், தூரத்துக்கும் நெடுங்கோட்டுக்கும் உரிய திருத்தங்களைத் தொடர்களால் பெறலாம். கையால் கணக்கிடுவோருக்காக அட்டவணைகளையும் இணைத்தார்.

1841இல், பல நாடுகளில் எடுக்கப்பட்ட பத்து வில் அளவைகளைக் கொண்டு புவியின் வடிவைக் கணித்தார். அவற்றுள் இரண்டு இந்தியாவைச் சேர்ந்தவை. 1802இல் சென்னை பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய அளவைப் பணியில் கிடைத்தவை. பெசல் கண்ட நடுவரை ஆரம் 6377.397 கி.மீ.; இன்றைய செயற்கைக்கோள் மதிப்பைவிட 740 மீட்டர் மட்டுமே குறைவு. ஜப்பான் 2002 வரை இவருடைய மதிப்பையே அதிகாரப்பூர்வமாகப் பயன்படுத்தியது.

பிற்காலம்

வின்சென்டி 1975இல் பெசலின் முறையைக் கணிப்பான்களுக்கு ஏற்ப அமைத்தார். புவியில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ நேரெதிரே உள்ள இடங்களுக்கு அவருடைய சூத்திரம் சில வேளைகளில் விடை தராது. சார்லசு கார்னி 2013இல் இக்குறையை நீக்கினார். அவருடைய முறையிலும் பெசலின் துணைக்கோளமே அடிப்படையாக உள்ளது.